‘கெட்’ என்று எழுதினால் டீச்சர் ஏன் அடிக்கோடு போடுகிறார்?

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆங்கிலக் கட்டுரை எழுதினால் வரிக்கு வரி ‘கெட்’ தான். டீச்சர் எல்லாவற்றையும் அடிக்கோடிட்டு ‘வேறு சொல் போடு’ என்று எழுதி அனுப்புகிறார். அகராதியில் அந்த ஒரு சொல்லுக்கே பக்கம் பக்கமாக அர்த்தம் இருக்கிறது. செல்போனில் தெசாரஸ் (ஒத்த பொருளுள்ள சொற்களின் தொகுப்பு) பார்த்து ‘அக்வயர்’, ‘ப்ரொக்யூர்’ என்று மாற்றினாள். அதுவும் தப்பு என்று வந்துவிட்டது. இத்தனை அர்த்தத்தையும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா?
— ஒரு தாய், விருதுநகர்

பதில்: வேண்டியதில்லை. எழுதும் நேரத்தில் முப்பது அர்த்தங்களில் எது பொருந்தும் என்று யாராலும் தேடிக்கொண்டிருக்க முடியாது. ‘கெட்’ தனியாக நின்றால் அதன் பொருள் பிடிபடாது. அடுத்து வரும் சொல்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. உங்கள் மகளை முதலில் அந்த அடுத்த சொல்லைப் பார்க்கப் பழக்குங்கள்.

பெயர்ச்சொல் வந்தால் பெரும்பாலும் கிடைப்பது, வாங்குவது: ‘கெட் எ லெட்டர்’. பெயரடை வந்தால் ஆவது, மாறுவது: ‘கெட் டயர்ட்’, ‘இட்ஸ் கெட்டிங் டார்க்’. இடம் வந்தால் போய்ச் சேர்வது: ‘கெட் டு மதுரை’, ‘கெட் ஹோம்’. ஓர் ஆளைச் சொல்லி, பிறகு ‘டு’ சேர்ந்த வினை வந்தால் அவரைச் செய்ய வைப்பது: ‘ஐ காட் ஹிம் டு சைன்’ என்றால் அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன் (‘காட்’ என்பது ‘கெட்’டின் இறந்தகால வடிவம்). பள்ளிக் கட்டுரையில் வருபவை அநேகமாக இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

நம் பிள்ளைகள் கையில் இந்தச் சொல் இவ்வளவு வருவதற்குத் தமிழ் வாக்கிய அமைப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு வேலை கிடைத்தது, எனக்குக் கோபம் வந்தது, எனக்குச் சளி பிடித்தது, எனக்குப் புரிந்தது. ‘எனக்கு’ என்று தொடங்கும் இந்த நான்கையும் ஆங்கிலத்தில் ‘ஐ காட்’ என்றே சொல்லிவிடலாம்: ‘ஐ காட் எ ஜாப்’, ‘ஐ காட் ஆங்க்ரி’, ‘ஐ காட் எ கோல்ட்’, ‘ஐ காட் இட்’. தமிழில் நான்கு வினைகள், ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று. அப்படியானால் மாற்றுச் சொல் தேடும்போது அந்தத் தமிழ் வினைக்குத் திரும்பிப் போவதுதான் சுலபமான வழி. ‘இங்கே நீ என்ன சொல்ல வந்தாய், கிடைத்ததா, வந்ததா, பிடித்ததா, புரிந்ததா?’ என்று கேளுங்கள். கடிதம் கிடைத்தது என்றால் ‘ரிசீவ்’. கோபம் வந்தது என்றால் ‘பிகம்’. சளி பிடித்தது என்றால் ‘கேட்ச்’. புரிந்தது என்றால் ‘அண்டர்ஸ்டாண்ட்’. பதில் அவளிடமே இருக்கிறது.

இதைச் செய்யாமல் நேரே தெசாரஸுக்குப் போனதால்தான் சிக்கல் வந்தது. பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852-ல் தன் தெசாரஸை வெளியிட்டபோது, சொற்களைக் கருத்து வாரியாகத் தொகுத்தார். அகராதி மாதிரி விளக்கம் கொடுக்கவில்லை. தெரிந்த சொல் சட்டென்று நினைவுக்கு வராதபோது எடுத்துக்கொடுக்கிற நூல் அது. புதிதாக ஒரு சொல்லைக் கற்பவருக்கு அது எங்கே பொருந்தும் என்று சொல்லித்தராது. செல்போனில் வரும் பட்டியலிலும் இதே குறைதான்.

அந்தப் பட்டியலில் உள்ள சொற்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். ‘ரிசீவ்’ என்றால் ஒருவர் அனுப்ப, நம் கைக்கு வந்து சேர்வது. நம் முயற்சி அதில் தேவையில்லை. ‘அப்டெய்ன்’ என்றால் கேட்டோ முயன்றோ பெறுவது: அனுமதி, சான்றிதழ், தகவல். ‘அக்வயர்’ என்பதைப் பழகிப் பழகி வரும் திறமைக்கும், சொத்தோ நிறுவனமோ கைக்கு வருவதற்கும் போடுவார்கள். ‘ப்ரொக்யூர்’ சிரமப்பட்டுத் தேடிக் கொண்டுவருவது. அரசு நெல் கொள்முதல் செய்வதைப் பற்றிய ஆங்கிலச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கடைக்குப் போய்ப் பேனா வாங்கியதற்கு அந்தச் சொல் ஆகாது, ‘பாட்’ (bought) போதும். ‘ஏர்ன்’ உழைத்துப் பெறுவது. ‘ஃபெட்ச்’ போய் எடுத்து வருவது.

இவற்றில் பல சொற்கள் விறைப்பாக ஒலிப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ‘கெட்’ ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. வீட்டிலும் வயலிலும் புழங்கிய பேச்சு அது. ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’, ‘அக்வயர்’, ‘ப்ரொக்யூர்’ எல்லாம் பிரெஞ்சு, லத்தீன் வழி வந்தவை. 1066-ல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆட்சியும் நீதிமன்றமும் நெடுங்காலம் பிரெஞ்சில் நடந்தன. அதனால் இப்படி வந்த சொற்கள் பலவற்றில் இன்றும் அலுவலக வாடை அடிக்கிறது. ‘லெட்டர் வந்துச்சு’ என்பதற்கும் ‘தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றேன்’ என்பதற்கும் உள்ள தூரம்தான் இது. விண்ணப்பத்தில் ‘ரிசீவ்’ எழுதட்டும். கதையில் இருவர் பேசிக்கொள்கிறார்கள் என்றால் ‘கெட்’ இருப்பதே அழகு. அங்கேயும் அடித்துத் திருத்தினால் நான் உங்கள் மகள் பக்கம்தான்.

சரி, நம் ஊரில் அடிக்கடி வரும் சில தவறுகளையும் பார்த்துவிடலாம். ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்பதை ‘ஐ கட் மை ஹேர்’ என்று எழுதுகிறோம். தானே கத்தரி பிடித்து வெட்டிக்கொண்டதாக அதற்குப் பொருள். சலூனில் வெட்டிக்கொண்டால் ‘ஐ காட் மை ஹேர் கட்’. சட்டை தைத்துக்கொள்வது, வண்டி சரிபார்ப்பது என்று பிறரைக் கொண்டு செய்விக்கும் எல்லாவற்றுக்கும் இதே அமைப்பு. இங்கே ‘கெட்’டை எடுத்தால் பொருளே மாறிவிடும், ‘ஹேவ்’ மட்டும்தான் மாற்றாக வரும்.

பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு நாம் ‘கெட் டவுன்’ என்கிறோம். இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். பிரிட்டனில் ‘கெட் ஆஃப்’ என்பார்கள். ‘கெட் டவுன்’ மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்குவதற்கு. காருக்கு இன்னொன்று: ஏற ‘கெட் இன்’, இறங்க ‘கெட் அவுட்’. உள்ளே எழுந்து நடக்க முடிகிற பஸ், ரயில், விமானத்துக்கு ‘ஆன்’, ‘ஆஃப்’. அப்புறம், ‘ஐ ஆம் நாட் கெட்டிங் யூ’ என்று எழுத வேண்டாம். ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்’ போதும்.

அகராதி வாங்கும்போது கற்பவர்களுக்கென்று தயாரித்த ‘லேர்னர்ஸ்’ அகராதியாகப் பார்த்து வாங்குங்கள். ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தில் உருவாக்கிய அகராதி 1942-ல் அங்கே வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் லேர்னர்ஸ் அகராதி அதன் வழி வந்ததுதான். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் என்ன அமைப்பு வரும் என்று அது எடுத்துக்காட்டோடு சொல்கிறது. பெரிய ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி, பொருள்கள் வளர்ந்த வரலாற்றைக் காட்டுவது. வழக்கொழிந்த பொருள்களும் அதில் வரிசையாக இருக்கும். பிளஸ் ஒன் மாணவிக்கு அது இப்போது வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. அமெரிக்கத் தொடர்கள் பார்ப்பவளாக இருந்தால் ‘ஹேவ்’ உடன் சேர்ந்து வரும் ‘காட்டன்’ (gotten) என்ற வடிவம் காதில் விழுந்திருக்கும். அது தப்பில்லை, பிரிட்டனில் அருகிப்போய் அமெரிக்காவில் தங்கிவிட்ட பழைய வடிவம். நம் பள்ளிகளில் சொல்லித்தருவது பிரிட்டிஷ் ஆங்கிலம் என்பதால், தேர்வில் சாதாரண இறந்தகாலத்திலும் ‘ஹேவ்’ உடன் வரும் இடத்திலும் ‘காட்’ என்றே எழுதட்டும்.