அரம் போட்டு மாட்டிய அலாய் வீல் கழன்று ஓடியது: பொறுப்பு யாருடையது?

கேள்வி: நான் காட்பாடியில் வசிக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2013 மாடல் ஃபோர்டு ஃபிகோ கார் வைத்திருக்கிறேன். மார்ச் மாதம் வேலூரில் ஒரு டயர் கடைக்குக் காரைக் கொண்டுபோய், பழைய இரும்பு டிஸ்க்குகளை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, 28,000 ரூபாய்க்கு நான்கு அலாய் வீல் போட்டேன். ஓட்டைகள் சரியாக உட்காராததால் கடைப் பையன்கள் அரம் போட்டு ராவி மாட்டினார்கள். பத்து நாளில் ஸ்டீயரிங் உதறத் தொடங்கியது. மறுபடி கொண்டுபோனபோது நட்டுகளை டைட் வைத்து, "இனி ஒன்றும் ஆகாது" என்று அனுப்பிவிட்டார்கள். ஏப்ரல் கடைசியில் ஆம்பூரிலிருந்து திரும்பும்போது பள்ளிகொண்டா அருகே முன் இடது சக்கரம் கழன்று ஓடி, சாலையோரம் நின்றிருந்த ஒருவரின் மோட்டார் சைக்கிளில் மோதியது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. என் கார் பழுதுக்கு 62,000 ரூபாய் செலவானது. அனுமதியில்லாத மாற்றம் என்று சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. கடைக்காரரோ, "நீங்கள் கேட்டதைத்தான் போட்டேன், விற்ற பொருளைத் திரும்ப வாங்குவதில்லை" என்கிறார். பில் கிடையாது. 20,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன், மீதி ரொக்கம். என் மீதே வழக்கு வருமோ என்றும் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

பதில்: எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நான்கு சக்கரங்களையும், உடைந்த ஸ்டட்டுகளையும் (நட்டு ஏறும் திருகுகள்), மிஞ்சிய நட்டுகளையும் துடைக்காமல், கழுவாமல், ஒரு சாக்கில் கட்டி வீட்டில் வையுங்கள். "பழையதைக் கொடுங்கள், புதிதாக வேறு செட் தருகிறேன்" என்று கடைக்காரர் சமாதானமாகப் பேசினாலும் எழுத்து மூலம் எதுவும் முடியும் வரை கொடுத்துவிடாதீர்கள். கையில் பில் இல்லாத உங்கள் வழக்கில் முதல் சாட்சி அந்தச் சக்கரங்கள்தான்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் காரின் ஹப்பில் (சக்கரம் வந்து பொருந்தும் பாகம்) எதிரெதிரே உள்ள இரண்டு ஸ்டட்டுகளின் மையத்துக்கு மையம் 108 மில்லிமீட்டர். கடைக்காரர் கொடுத்ததோ 100 மில்லிமீட்டர் அளவுள்ள சக்கரம். ஸ்விஃப்ட் போன்ற கார்களுக்கு உரியது. ஆக ஒவ்வொரு ஓட்டையும் நான்கு மில்லிமீட்டர் உள்தள்ளி இருந்திருக்கிறது. அதைச் சரிக்கட்ட ஓட்டைகளை வெளிப்பக்கமாக ராவியதில் அவை முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டன. வீல் நட்டின் கூம்பு முனை, சக்கரத்தில் அதற்கென்று கடைந்த குழியில் சுற்றிலும் பதிந்து உட்கார வேண்டும். இங்கே அது அரம் பட்ட விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. நான்கு ஓட்டைகளிலும் வெளிப்புறம் மட்டும் பிறை போலத் தேய்ந்து பளபளப்பது படத்திலேயே தெரிகிறது. அப்படிப்பட்ட சக்கரத்தில் நட்டை எத்தனை முறை டைட் வைத்தாலும் ஓட்டத்தில் தளரும், ஸ்டட் வளையும், கடைசியில் முறியும். நீங்கள் முன்பு உணர்ந்த உதறல் அதன் அறிகுறி.

இது சட்டத்தில் எப்படி நிற்கும் என்றால், கடைக்காரரின் "நீங்கள் கேட்டதைத்தான் போட்டேன்" என்ற பதில் அவருக்கு உதவாது. நீங்கள் கேட்டது உங்கள் காருக்கு அலாய் வீல். காரையே கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியும் இருக்கிறீர்கள். வாங்குபவர் எதற்காக வாங்குகிறார் என்பது விற்பவருக்குத் தெரிந்து, விற்பவரின் தொழில் அறிவை நம்பி வாங்கும்போது, பொருள் அந்தப் பயனுக்குத் தகுதியானதாக இருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 16-ஆம் பிரிவின்படி சொல்லாமலே உள்ள நிபந்தனை. 100, 108 ஆகிய இரண்டு அளவுகளுக்கும் தனித்தனியாக எட்டு ஓட்டை போட்ட சக்கரங்கள் சந்தையில் விற்கும்போது, தொழில் தெரிந்த ஒருவர் அரத்தைக் கையில் எடுத்ததற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது: உற்பத்தியாளர் அல்லாத விற்பனையாளர் ஒரு பொருளை மாற்றியமைத்து, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமாக இருந்தால் அவர் பொறுப்பு என்கிறது அதன் 86-ஆம் பிரிவு. மாட்டிய வேலையில் இருந்த குறைக்கு 85-ஆம் பிரிவு இருக்கிறது. ஓட்டையை ராவியது யார் என்ற ஒரே கேள்வியில்தான் உங்கள் வழக்கு நிற்கும். அவர் நாளைக்கு "வாடிக்கையாளரே வேறெங்கோ ராவிக்கொண்டார்" என்றுகூடச் சொல்லலாம் என்பதால், அன்றைக்குக் கூட வந்தவர்கள், வாட்ஸாப் பேச்சு, கடையில் எடுத்த படம் எதுவானாலும் சேர்த்து வையுங்கள்.

பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே சட்டத்தின் 2(47) பிரிவில் நேர்மையற்ற வணிக நடைமுறைகளாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. திரும்பக் கொடுக்கப் பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாவிட்டால் விற்றதிலிருந்து முப்பது நாள் கணக்கு. உங்களுடைய இரண்டாவது வருகை அந்த முப்பது நாளுக்குள் நடந்திருப்பதால் அந்தத் தேதி மிக முக்கியம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று எத்தனை பெரிய எழுத்தில் பலகை தொங்கவிட்டாலும் சட்டத்தை அது வெல்லாது.

உங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்வது என் கடமை. அரம் போட்டதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள்; உதறல் தெரிந்த பிறகும் வாரக்கணக்கில் ஓட்டினீர்கள். எதிர்த் தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும், இழப்பீட்டுத் தொகை இதனால் ஓரளவு குறையவும் கூடும். ஆனால் உதறல் வந்ததும் சும்மா இருக்காமல் அதே கடைக்குப் போய்க் காட்டினீர்கள், அவர் பார்த்து உறுதி சொன்ன பிறகே ஓட்டினீர்கள். மனுவில் இந்த வரிசையை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். வசதிக்காக எதையும் விட்டுவிட வேண்டாம்.

வழக்கு வருமோ என்ற பயத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றோடு முரண்படும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாக வலியுறுத்தியது. ஆயினும் அலாய் வீல் போட்டாலே குற்றம் என்று அதற்குப் பொருளில்லை. அனுமதிக்கப்படாத முறையில் பாகங்களைப் பொருத்தி மாற்றும் உரிமையாளருக்கு 182ஏ(4) பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. உங்களுக்கு இன்னும் நெருக்கமானது 190-ஆம் பிரிவு: சாதாரண கவனத்தில் கண்டுபிடித்திருக்கக் கூடிய ஆபத்தான குறையோடு வண்டியை ஓட்டி, அதனால் சொத்துச் சேதம் ஏற்பட்டால், மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். யாருக்கும் காயமில்லாத, கடைக்காரரை நம்பி ஓட்டிய உங்கள் நிலையில் சிறை என்று நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சக்கரங்களை மீண்டும் மாட்டி ஒரு தெரு தூரம் ஓட்டினாலும், தெரிந்தே செய்தீர்கள் என்றாகிவிடும். அப்போது நான் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

மோட்டார் சைக்கிள்காரரின் இழப்பை உங்கள் கைக்காசிலிருந்து கொடுக்க அவசரப்படாதீர்கள். மூன்றாம் நபருக்கான பொறுப்பிலிருந்து இன்சூரன்ஸ் நிறுவனம் விலகுவதற்கான காரணங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு எண்ணிச் சொல்லியிருக்கிறது. சக்கரம் மாற்றியது அவற்றில் இல்லை. உங்கள் சொந்தக் காரின் சேதம் வேறு கணக்கு. வண்டியை நல்ல நிலையில் பராமரிப்பது பாலிசியின் நிபந்தனை என்பதால் அவர்கள் மறுப்பில் ஓரளவு வலு இருக்கிறது. நிபந்தனை மீறல் இருந்தாலும் முழுவதையும் மறுக்காமல் ஒரு பகுதியைத் தரலாம் என்பதற்கு 2010-ல் வந்த அமலேந்து சாஹூ தீர்ப்பு துணை நிற்கும். ஆனால் அந்த மீறலே விபத்துக்குக் காரணமாகிவிட்ட உங்கள் விஷயத்தில் அதைப் பெரிதாக நம்ப மாட்டேன். சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை நகலைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம். அதே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும் என்பதால், கடைக்காரர் மீதான புகாரில் இன்சூரன்ஸ் நிறுவனத்தை இப்போது சேர்க்க வேண்டாம்.

கடைக்காரருக்கு முதலில் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்துப் ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் நோட்டீஸ் அனுப்புங்கள். சக்கரத்தின் விலை 28,000, பழுதுச் செலவு 62,000, திரும்பக் கொடுக்க வேண்டிய பழைய டிஸ்க்குகள், மன உளைச்சல், வழக்குச் செலவு எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை செலுத்திய பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, காலக்கெடு இரண்டு ஆண்டு. சக்கரங்களை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 38-ஆம் பிரிவின் கீழ் ஒரு மனுவையும் சேர்த்தே போடுங்கள். ஜிபே ரசீது, வாட்ஸாப் படங்களுக்கு 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைப்பது பின்னால் வரும் தகராறைத் தவிர்க்கும். பள்ளிகொண்டா போலீசில் அன்றைக்கே சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்கியிருந்தால் அதன் நகலையும் இணையுங்கள். வாங்கவில்லையென்றால் தாமதத்துக்கான காரணத்தோடு இந்த வாரமே ஒரு மனு கொடுத்து ரசீது பெறுங்கள்.