சிறு படகு வாங்கப் போகிறேன். வானிலைக்குச் செயலி ஒன்று போதுமா?

18 அடியில் ஒரு மோட்டார் படகு வாங்கப் போவதாகவும், கைப்பேசியில் வானிலைச் செயலி இருப்பதால் அதற்குமேல் என்ன கற்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட அதே அளவில் ஒரு ஃபைபர் படகைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். செயலி கட்டாயம் வேண்டும். ஆனால் அதில் எந்த நேரத்துக்கான எண்ணைப் பார்க்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். புதிதாகப் படகு வாங்கும் பெரும்பாலோர் புறப்படும் நேரத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது திரும்பும் நேரத்தை.

வெயில் அடிக்கும் ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் கடல் அசையாமல் கிடக்கும். அந்த அமைதியை நம்பித்தான் எல்லோரும் கிளம்புகிறார்கள். ஆனால் நிலம் சீக்கிரம் சூடாகும், நீர் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேலிருக்கும் காற்று சூடேறி மேலெழ, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று நுழைகிறது. இதுதான் கடற்காற்று. முற்பகலில் தலைகாட்டி, பிற்பகலில் உச்சத்துக்குப் போய், பொழுது சாயும்போது அடங்கும். 10 முதல் 15 நாட் வரை வீசுவது சாதாரணம் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்). அன்றைய பொதுவான காற்றும் அதே திசையில் இருந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து 20 நாட்டைத் தொட்டுவிடும். 10 நாட் 20 ஆனால் காற்றின் வேகம்தான் இரு மடங்கு. அது படகின் மீது செலுத்தும் விசை நான்கு மடங்கு. காலையில் சொன்னபடி கேட்ட படகு பிற்பகலில் முரண்டு பிடிப்பது இதனால்தான்.

கடற்காற்று வருவது கண்ணுக்குத் தெரியும். எஞ்சினை அணைத்துவிட்டு அடிவானத்தைப் பாருங்கள். வெளிறிய பளபளப்பாக இருக்கும் நீர்ப்பரப்பில், தூரத்தில் கறுத்த கோடு ஒன்று கிழித்தது போலத் தோன்றும். காற்று சிற்றலைகளை எழுப்பும் இடம் அது. அந்தக் கோடு தடித்துக்கொண்டே உங்களை நோக்கி நகரும். படகில் கட்டியிருக்கும் துணி நாடா தொங்கிக்கொண்டிருக்கும்போதே இந்தக் கோட்டைப் பார்க்கப் பழகிவிட்டால், காற்று வந்து சேருமுன் பொருள்களை அடுக்கிக் கட்டிவிட்டுத் திரும்ப நேரம் கிடைக்கும்.

கடற்காற்றைவிட ஆபத்தானது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. கரையில் நின்று பார்த்தால் கடல் சாதுவாகத் தெரியும். அலை வளர்வதற்குக் காற்று நீரின் மேல் ஓடும் தூரம் வேண்டும்; கரையோரத்தில் அந்தத் தூரமே இல்லை. வெளியே போகப் போக அலை வளரும், காற்றோ உங்களை இன்னும் வெளியே தள்ளும். எஞ்சின் ஓடும்வரை இது உறைக்காது. எஞ்சின் நின்றால், கடலிலிருந்து வீசும் காற்று உங்களைக் கரைப்பக்கம் கொண்டுவரும். நிலத்திலிருந்து வீசும் இந்தக் காற்றோ ஆழ்கடலுக்குக் கொண்டுபோகும். ஒற்றை எஞ்சின் வைத்திருப்பவர்கள் காற்றின் வேகத்துக்கு முன்னால் திசையைப் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

செயலி தரும் எண்களைப் பற்றி. அதில் காணும் காற்று வேகம் பொதுவாக ஒரு சராசரி; 10 மீட்டர் உயரத்தில், 10 நிமிடங்களுக்கு எடுக்கப்படும் சராசரி. இடையிடையே வரும் வீச்சு அதைவிடப் பலமாக இருக்கும். அதைத் தனியாகக் காட்டும் செயலியையே பயன்படுத்துங்கள், முடிவையும் அந்த எண்ணை வைத்தே எடுங்கள். அலை உயரமும் அப்படித்தான். "1 மீட்டர்" என்றால், வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி என்று பொருள். பெரும்பாலானவை அதைவிடச் சிறியவையாக இருக்கும். ஆனால் சில மணி நேரம் கடலில் இருந்தால், கிட்டத்தட்ட இரண்டு மீட்டரில் ஒன்றைச் சந்திப்பீர்கள். அதை எதிர்பார்த்துத்தான் போக வேண்டும்.

பலர் கண்டுகொள்ளாமல் விடும் எண் ஒன்று உண்டு: வினாடிகள். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட நேரம். ஆழ்ந்த கடலில் 4 வினாடி அலையின் நீளம் சுமார் 25 மீட்டர்; 10 வினாடி அலையின் நீளம் சுமார் 156 மீட்டர். உயரம் இரண்டுக்கும் ஒரே 1 மீட்டர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது செங்குத்தாக, அடுத்தடுத்து வந்து படகின் அணியத்தை (முன்முனையை)த் தூக்கித் தூக்கி அடிக்கும். முதுகுத்தண்டு வரை வலிக்கும். இரண்டாவது படகை மெதுவாக ஏற்றி இறக்கும், வெளியே இருக்கும்போது சுகமாகக்கூட இருக்கும். அந்தச் சுகமான அலை கரையோரத்தில் வேறு முகம் காட்டும். தன் நீளத்தில் பாதி ஆழம் வந்ததுமே அலைக்குத் தரை தட்டுப்படத் தொடங்கும். 10 வினாடி அலைக்கு 78 மீட்டர் ஆழத்திலேயே அது ஆரம்பம். ஆழம் நன்றாகக் குறைந்த இடத்தில் வேகம் தளர்ந்து, உயர்ந்து, கடைசியில் பெரும் நிறையோடு உடையும்.

இந்த அலைகளுக்கு உங்கள் ஊர்க் காற்றோடு தொடர்பே இருக்க வேண்டியதில்லை. கடலியல் அறிஞர் வால்டர் மங்க், தென்கடல்களில் வீசிய புயல்களில் பிறந்த அலைகளை 1963இல் பசிபிக் முழுவதும் தொடர்ந்து சென்று அலாஸ்கா வரை அளந்து காட்டினார். ஆகவே காற்றே இல்லாத, மேகமே இல்லாத நாளில் கரையில் அலை பெரிதாக உடைந்தால் வியக்க ஒன்றுமில்லை. செயலியில் காற்று பூஜ்யமாக இருந்தாலும் வினாடி 12, 14 என்று இருந்தால் நான் முகத்துவாரத்தைத் தாண்ட மாட்டேன்.

சிறு படகுகள் கவிழும் இடம் பெரும்பாலும் நடுக்கடல் அல்ல, வீடு கண்ணுக்குத் தெரியும் முகத்துவாரம். அங்கே மணல்திட்டு இருக்கும், ஆழம் குறைவு. ஓதம் (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது) வற்றும்போது உள்ளிருந்து வெளியே பாயும் நீர், உள்ளே வரும் அலையை எதிர்க்கும். அலையின் நீளம் சுருங்கும், உயரம் கூடும், முகம் செங்குத்தாகும். காலையில் ஓதம் ஏறும் நேரத்தில் அலுங்காமல் கடந்த அதே வாயில், பிற்பகலில் வற்றும் நீரும் கடற்காற்றும் மோதிக்கொள்ளும்போது வேறு இடமாக இருக்கும். இன்னொன்று: கடற்பக்கத்திலிருந்து பார்க்கும்போது உடையும் அலையின் முகம் தெரியாது, வழவழப்பான முதுகுதான் தெரியும். எவ்வளவு மோசம் என்பது உள்ளே நுழைந்த பிறகே புரியும். அப்போது திரும்பவும் முடியாது. அலை பின்னாலிருந்து படகைத் தூக்கி வேகமாகச் சறுக்கவிட்டால், அணியம் முன்னிருக்கும் அலையில் குத்தி, படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழும்.

இதற்குச் செய்ய வேண்டியது பொறுத்திருப்பது. வெளியே நின்று அலைகளைக் கவனியுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று ஓயும். ஓய்ந்ததும் ஓர் அலையின் முதுகில் ஏறி, அதை முந்தாமல், பின்னால் வருவதிடம் அகப்படாமல், அதன் வேகத்திலேயே எஞ்சினை வைத்து உள்ளே வாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஓதம் ஏறும்வரை வெளியிலேயே காத்திருங்கள். அதற்கு எரிபொருள் வேண்டும். ஆகவே போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மீதி ஒரு பங்கு கையிருப்பு. அந்தக் கடைசிப் பங்கைத் தொடாமல் வைத்திருப்பது இது போன்ற நாளுக்காகத்தான்.

இடி, மின்னல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 வினாடி என்றால் ஏறக்குறைய 1 கிலோமீட்டர். 30 வினாடிக்குள் வந்துவிட்டதென்றால் நீங்கள் ஏற்கெனவே கரையில் இருந்திருக்க வேண்டும். மழைக்கு முன்னால் ஒரு குளிர்க்காற்று திடீரென்று அடிக்கும். கருமேகத்திலிருந்து கீழிறங்கிப் பரவும் காற்று அது. மழையைவிட அதுதான் சிறு படகுக்கு எமன்.

காற்றழுத்தமானி ஒன்று வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். வெப்ப மண்டலத்தில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அங்கே அழுத்தம் தினமும் காலை 10 மணி வாக்கில் உயர்ந்து, மாலை 4 மணி வாக்கில் தாழும், இரவிலும் அதே சுழற்சி நடக்கும். பிற்பகலில் ஓரிரண்டு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) இறங்கினால் பதற வேண்டாம். நேற்று இதே மணிக்கு இருந்ததைவிட இன்று கணிசமாகக் குறைந்திருந்தால், அடுத்த நாளும் குறைந்தால், அப்போது படகைக் கரையேற்றும் வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வியில் நீங்கள் கேட்காத, ஆனால் படகு வைத்திருப்பவரின் வாழ்க்கையில் பாதியை எடுத்துக்கொள்ளும் விஷயம் இது. நீங்கள் கடலுக்குப் போகாத நாளிலும் படகு வானிலையில்தான் இருக்கிறது. 5 மீட்டர் நீளமும் சராசரியாக ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள திறந்த படகில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் உள்ளே தேங்குவது 750 லிட்டர், அதாவது 750 கிலோ. அந்த நீர் ஒரு பக்கம் சாய்ந்தால் மொத்தமும் அந்தப் பக்கமே ஓடும், படகும் கூடவே சாயும். தண்ணீர் இறைக்கும் தானியங்கிப் பம்பு இருக்கிறதே என்று சும்மா இருக்க வேண்டாம். இரவு முழுக்க ஓடினால் பேட்டரி தீர்ந்துவிடும். சரிவாக இழுக்கப்படும் தார்ப்பாய் அதைவிட நம்பகமானது.

கயிற்றை வாரம் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. படகின் விளிம்பில் உரசும் இடத்தில் நைலான் இழைகள் பஞ்சு போலச் சிலிர்த்திருக்கும். உப்புப் படிந்து விறைத்திருக்கும் அந்த ஒரு சாண் நீளம்தான் புயலிரவில் அறுபடும். அங்கே ஒரு ரப்பர்க் குழாயைக் கோத்துவிடுங்கள். கயிற்றை அவ்வப்போது சற்று நகர்த்திக் கட்டினால் ஒரே இடம் தேயாது. நங்கூரத்தில் நிறுத்துவதானால் ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் விடுங்கள். காற்று பலமாகும் என்றால் இன்னும் கூட்டுங்கள். கயிறு தரையோடு படுத்தால்தான் நங்கூரம் பிடிக்கும். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் எந்தக் கயிறும் வேண்டாம், படகையே மேலே ஏற்றிவிடுங்கள். இப்படி எச்சரிக்கும் வழக்கம் சும்மா வரவில்லை. 1859இல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் உடைந்து 400க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான், பிரிட்டனின் வானிலைத் துறையை நடத்திய ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 1861இல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். அவ்வளவு உயிர் கொடுத்துப் பெற்ற எச்சரிக்கையை "போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள், ஒன்றும் வரவில்லையே" என்று தள்ளுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

விருந்தினர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, ஒரு சுற்று போய்விட்டு வரலாமே" என்ற வற்புறுத்தல்தான் என் அனுபவத்தில் மிகக் கடினமான வானிலை. என் பழக்கம் இது: வரும்முன்பே, முந்தின நாள் இரவே, எத்தனை நாட் காற்றுக்கு மேல் போக மாட்டேன், எத்தனை மணிக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிடுவேன். காலையில் பேச்சுக்கு இடமில்லை. ஏறியவுடன் உயிர்காப்பு உடுப்பை எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும். இருக்கைக்கு அடியில் கிடக்கும் உடுப்பு யாரையும் காப்பாற்றாது. எஞ்சின் நிறுத்தக் கயிறு (ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை அணைத்துவிடும் கயிறு) ஓட்டுபவரின் மேல் மாட்டியிருக்க வேண்டும். கைப்பேசி நனைந்தால் போயிற்று, ஆகவே நீர் புகாத கையடக்க வி.எச்.எஃப். ரேடியோ ஒன்று, அவசர அழைப்புக்கு அலைவரிசை எண் 16. எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று கரையில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி நீங்கள் பார்த்து வைத்திருக்கும் படகைப் பற்றி. விற்பவர் உங்களைக் காலை ஏழு மணிக்கு வரச் சொல்வார், அந்த நேரத்தில் எந்தப் படகும் நன்றாகத்தான் ஓடும். 12 நாட் அளவில் காற்று இருக்கும் ஒரு நாளின் பிற்பகல் மூன்று மணிக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். உங்களோடு அனுபவமுள்ள ஒருவரும் இருக்கட்டும். காற்றை எதிர்த்து ஓட்டும்போது எவ்வளவு நீர் உள்ளே தெறிக்கிறது, அலை பின்னாலிருந்து வரும்போது சுக்கான் பிடிக்குக் கட்டுப்படுகிறதா, உள்ளே வந்த நீர் தானாக வடிகிறதா என்று பாருங்கள். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, ஆடும் படகில் மறுபடி அதைக் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் வர முடியாது என்று அவர் மறுத்தால் வேறு படகு பாருங்கள்.