அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வை விட்டு வெளிநாட்டு லீக்குக்குப் போனால் ஒரு அமெரிக்க வீரரின் கதை முடிந்ததா?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். ஸ்டெஃபான் மார்பரியைப் பாருங்கள். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் வளர்ந்தவர், 1996 டிராஃப்டில் (என்பிஏ அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 4-வதாகத் தேர்வானவர், இரண்டு முறை ஆல்-ஸ்டார், அதாவது லீக்கின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர். ஆனால் பயிற்சியாளர்களோடு ஓயாத மோதல். 2009-ல் பாஸ்டன் செல்டிக்ஸோடு என்பிஏ வாழ்க்கை முடிந்தது.

2010 ஜனவரியில் சீனாவின் ஷான்ஷி அணிக்குப் போனார். அது நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்போன மாகாணம். அந்த அணி அவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளவில்லை. அடுத்துப் போன ஃபோஷான் அணியிலும் ஒரு சீசன்தான். வெளிநாட்டு லீக்குகளில் இது சகஜம். ஓர் அணிக்கு ஓரிரு வெளிநாட்டவருக்குத்தான் இடம், அதனால் சரிப்படவில்லை என்றால் உடனே ஆளை மாற்றிவிடுவார்கள்.

அப்புறம் 2011-ல் பெய்ஜிங் டக்ஸ் அணி. முதல் 13 ஆட்டங்களிலும் வெற்றி! 2012 இறுதிச் சுற்றில், தொடர்ந்து நான்கு ஆண்டு சாம்பியனான குவாங்டோங் அணியை 4-1 என்ற ஆட்டக் கணக்கில் சாய்த்தார்கள். பெய்ஜிங்குக்கு அதுதான் முதல் பட்டம். அதே ஆண்டு அரங்கத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்துவிட்டார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே சிலை என்பது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ரசிகர்கள் அவ்வளவு கொண்டாடினார்கள். 2014, 2015-லும் பட்டம். 2015 இறுதிச் சுற்றின் சிறந்த வீரரும் அவரே. சீனாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை அட்டையும் கிடைத்தது.

எல்லோருக்கும் இப்படி அமையாது என்பதும் உண்மை. பெரும்பாலானவர்கள் ஆண்டுக்கு ஒரு நாடு, ஒரு அணி என்றே ஓடுகிறார்கள். மார்பரி 2018-ல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டே பெய்ஜிங்கின் இன்னொரு அணிக்குப் பயிற்சியாளரானார்.