சிடியில் ஒன்றும் இல்லை என்றால் வலியும் இல்லையா?

வணக்கம். அம்மாவுக்கு இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை மின்சாரம் பாய்வது போல வலி, கடலூரில் எடுத்த சிடி ஸ்கேனில் எலும்பு நன்றாக இருக்கிறது என்று வந்ததால் வீட்டில் யாரும் நம்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வலி நிஜம்தான், முதலில் அதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

சிடி எக்ஸ்ரே கதிரை வைத்து எடுப்பது, எலும்பைத் துல்லியமாகக் காட்டும். விழுந்ததால் வந்த முறிவு, அறுவை சிகிச்சையில் போட்ட திருகு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதற்கெல்லாம் அது அருமையானது. ஆனால் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதும் தண்டுவடத்துக்குள் வரும் கோளாறும் அதில் பல நேரம் தெளிவாகத் தெரியாது, அதற்குக் காந்தத்தை வைத்து எடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன்தான். என் அப்பாவுக்கும் இப்படித்தான், சிடியில் பிடிபடாத ஜவ்வு எம்ஆர்ஐ படத்தில் நரம்பின் மேல் முட்டிக்கொண்டு நின்றது.

அம்மாவுக்கு பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்க உடலில் வைக்கும் கருவி) இருந்தால், எம்ஆர்ஐ காந்தத்தால் எடுப்பது என்பதால் முன்பே சொல்லிவிடுங்கள். எம்ஆர்ஐ எடுக்கவே முடியாதவர்களுக்கு முதுகில் ஊசி வழியாகச் சாய மருந்து செலுத்தி சிடி எடுக்கும் வழியும் உண்டு.

அப்புறம் ஒன்று: பாதத்தைத் தூக்க முடியவில்லை, சிறுநீர் அடைக்கிறது, உட்காரும் இடம் மரத்துப்போகிறது என்றால் ஸ்கேன் தேதிக்கெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே புதுச்சேரி ஜிப்மர் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.