சமையல் கேள்வி பதில்: ஷோப்ஸ்கா சாலட் ஏன் தண்ணீர் விட்டது?

கேள்வி: பல்கேரியாவின் ஷோப்ஸ்கா சாலட்டை ஃபெட்டா சீஸ் கொண்டு செய்து பார்த்தேன். தக்காளி, வெள்ளரிக்காய், வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, சம்பலுக்குச் செய்வதுபோல் உப்பும் வினிகரும் போட்டுப் பிசறி, சீஸையும் கலந்து வைத்தேன். அரை மணி நேரத்தில் கிண்ணத்தில் தண்ணீர் நின்றது. வாயில் உப்புக் கரித்தது. எங்கே தவறினேன்? புரட்டாசி விரதத்தில் இதைச் சாப்பிடலாமா?
வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: பிரியாணியோடு வைக்கும் சம்பல் ஊற ஊறத்தான் ருசிக்கும், ஷோப்ஸ்காவுக்கோ ஊறுவதே ஆகாது. உப்புப் பட்டதும் வெள்ளரியும் தக்காளியும் நீர்விடத் தொடங்கும். பொடியாக நறுக்கியிருந்தால் இன்னும் விரைவாக விடும். ஆகையால் 4 பழுத்த தக்காளி, 1 நீள வெள்ளரிக்காய் ஆகியவற்றை விரல்நுனி அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒரு சிறிய வெங்காயத்தை மெல்லிய வளையங்களாகச் சீவிக்கொள்ளுங்கள். 2 குடைமிளகாய்களை, கத்தரிக்காய் சுடுவதுபோல் அடுப்புத் தீயில் தோல் கருகும்வரை திருப்பித் திருப்பிச் சுட்டு, மூடிய பாத்திரத்தில் பத்து நிமிடம் வைத்தால் தோல் தானாகக் கழன்றுவரும். பச்சையாகப் போடுவோரும் உண்டு. ஆனால் சுட்டதன் வாசனைக்கு ஈடில்லை என்பது என் கட்சி. பரிமாறும் நேரத்தில் 3 மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய், சில துளி வினிகர், பார்ஸ்லித் தழை சேர்த்து ஒரே ஒருமுறை புரட்டினால் போதும்.

சீஸைக் கலக்கவே கூடாது. பல்கேரியர்கள் பயன்படுத்துவது உப்புநீரில் ஊறிய 'சிரெனே' என்னும் வெள்ளைச் சீஸ்; அதைத் துருவி, காய்கள் மறையும் அளவுக்கு மேலே தூவுவார்கள். ஃபெட்டா அதற்கு நெருங்கிய உறவு என்றாலும் துருவும்போது பொடிந்துவிடும் என்பதால், 150 கிராம் துண்டை இரண்டு மணி நேரம் தண்ணீரில் போட்டு உப்பைக் குறைத்து, துடைத்து, அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்த பிறகு துருவுங்கள். சீஸிலேயே உப்பு இருப்பதால், காய்களுக்குத் தனியாக உப்பிடுமுன் ஒரு வாய் சுவைத்துப் பார்ப்பது நல்லது.

சோஃபியா நகரைச் சுற்றி வாழும் ஷோப் மக்களின் பெயரைத் தாங்கியிருந்தாலும், இது பாட்டி காலத்துப் பண்டம் அன்று. 1950களிலும் 60களிலும் 'பால்கன்டூரிஸ்ட்' என்ற அரசுச் சுற்றுலா நிறுவனத்தின் சமையற்காரர்கள் உருவாக்கிப் பரப்பியது. வெள்ளை, பச்சை, சிவப்பு என்று அந்நாட்டுக் கொடியின் நிறங்கள் தட்டில் அமைந்ததும் அதற்குக் கைகொடுத்தது. அங்கே குளிர்ந்த ராக்கியா மதுவோடு உண்பார்கள். நமக்குச் சூடான ரொட்டி போதும்.

விரதத்தைப் பொறுத்தவரை, கவனிக்க வேண்டியது பாலை உறையவைக்கும் ரென்னெட். அது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படுவதால், மரக்கறியாளருக்கு ஏற்றது என்று உறையில் அச்சிட்டிருக்கும் ஃபெட்டாவையே வாங்குங்கள். விரத நாளில் வெங்காயம் சேர்க்காத வீடாக இருந்தால் அதை விட்டுவிடலாம். சுட்ட குடைமிளகாய் அந்தக் குறையைத் தெரியவிடாது.