முதுகுல ஒரு புண்ணு கூட வரலையாம்

"வணக்கம் மேடம். எங்க ஆச்சி, அப்பாவோட அம்மா, போன வருஷம் தவறிட்டாங்க. 1964-ல கல்யாணம் முடிச்சு திருநெல்வேலி பக்கத்துலேருந்து தாராவிக்கு வந்தவங்க, கடைசி வரைக்கும் அங்கதான். என்னை வளத்ததே ஆச்சிதான், தலை பின்னி விட்டு, ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போய், ராத்திரி கதை சொல்லி எல்லாமே ஆச்சிதான். அடுத்த மாசம் முதல் வருஷத் திதி வருது. ஆச்சி வாழ்க்கையைப் பத்தி 20 நிமிஷத்துக்கு ஒரு வீடியோ பண்ணிருக்கேன், போட்டோ எல்லாம் சேத்து நானே பேசி. சொந்தக்காரங்க பாத்துட்டு அழுதுட்டாங்க. அம்மா மட்டும் பாதியில எழுந்து பாத்திரம் வெளக்கப் போயிட்டாங்க. ஆச்சியைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசும்மா, ரெக்கார்ட் பண்ணி சேத்துக்கறேன்னு எத்தனையோ தடவ கேட்டாச்சு, வாயே தொறக்க மாட்டேங்கறாங்க. அம்மாவுக்குப் பொறாமைன்னு தம்பி சொல்றான். ஆச்சி ரெண்டு வருஷம் படுத்த படுக்கையா கெடந்தாங்க மேடம், ஆனா முதுகுல ஒரு புண்ணு கூட வரல, அவ்ளோ சுத்தமான ஆத்மா. அப்படிப்பட்டவங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்ல அம்மாவை எப்படி சம்மதிக்க வைக்கறது? அம்மாவுக்கு இடுப்பு வலிங்கறதால திதி சமையலுக்குக் கேட்டரிங் சொல்லிட்டோம், அவங்களுக்கு வேலையும் கிடையாது."
பேர் வேண்டாம், ஐரோலி, நவி மும்பை

வீடியோவைப் பத்தி அப்புறம் பேசலாம்மா. மொதல்ல அந்தப் புண்ணு வராத முதுகு.

படுத்தே கெடக்கறவங்களுக்கு எலும்பு துருத்திட்டு இருக்கற எடம் எல்லாம், வால் எலும்பு, இடுப்பு, குதிகால், அங்கெல்லாம் அவங்க ஒடம்போட கனமே தோலை அமுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திடும். மொதல்ல செவக்கும், அப்புறம் தோல் உரியும், பாக்காம விட்டா எலும்பு தெரியற அளவுக்குக் குழி விழும், மூத்திர ஈரமும் சேந்துட்டா கேக்கவே வேணாம். ஏர் பெட் வாங்கிப் போட்டாலும் சரி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் படுக்க வைங்கன்னுதான் நர்ஸுங்க சொல்லுவாங்க. பகல்ல மட்டும் இல்ல. ராத்திரி பதினொண்ணு, ஒண்ணு, மூணு, அஞ்சு. ஒரு கையைத் தோளுக்கு அடியில, இன்னொரு கையை இடுப்புக்கு அடியில குடுத்து ஒருக்களிச்சுத் திருப்பி, முட்டிக்கு நடுவுல ஒரு தலகாணி, முதுகுக்கு அண்டக்கொடுக்க ஒண்ணு, குதிகால் படுக்கையில படாம கெண்டைக்கால் அடியில ஒண்ணு. துணி நனைஞ்சிருந்தா மாத்தி, தொடைச்சு, ஈரம் போக ஒத்தி எடுத்துட்டுத்தான் திரும்பப் படுக்க முடியும், படுத்தா அடுத்த ரெண்டு மணி நேரம் வந்துடும்.

எத்தனையோ நல்ல ஆத்மாக்கள் முதுகு பூரா புண்ணோட போய்ச் சேந்திருக்காங்க. வாயால ஊரையே எரிச்ச பொம்பளைங்க ஒரு கீறல் இல்லாம போயிருக்காங்க, வீட்ல அப்படி ஒரு மருமக இருந்ததால.

உங்க வீட்ல புரட்டிப் போட்டது யாரு? நீங்க எழுதல. நீங்க ஐரோலில இருக்கீங்க, அப்பாவைப் பத்தி ஒரு வரி கூடக் கிடையாது, தம்பி பொறாமைன்னு சொல்றதுக்கு மட்டும் லெட்டர்ல வர்றான். மிச்சம் யாரு இருக்கா சொல்லுங்க. கடைசியில போற போக்குல அம்மாவுக்கு இடுப்பு வலின்னு எழுதிருக்கீங்களே, அது எங்கேருந்து வந்திருக்கும்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா? அவங்களுக்கு வேலையும் கிடையாதுன்னு வேற, ஏதோ சலுகை குடுத்த மாதிரி. அவங்க ரெண்டு வருஷம் செஞ்ச வேலைக்குப் பேரைக் கூட விடாம தூக்கி ஆச்சியோட ஆத்மாவுக்குக் குடுத்துட்டு, அதைப் பத்தி நல்லதா பேசுன்னு மொபைலை மூஞ்சிக்கு நேரா நீட்டினா யாருக்குத்தான் வாய் வரும்? வீடியோவுலயும் அந்த சுத்தமான ஆத்மா வசனம் இருக்குன்னு நெனைக்கறேன். அந்த எடத்துலதான் அம்மா எழுந்து போனாங்களான்னு பாருங்க.

பாட்டி மேல உயிரா இருக்கற பேத்தி, பேசாத அம்மா, இந்த லெட்டர் எனக்கு வருஷக்கணக்கா வருது. பாசமான பாட்டியும் கடுசான மாமியாரும் ஒரே ஆளா இருக்கலாம்மா, ரெண்டும் நெசம்தான். ஆச்சி உங்களுக்குத் தலை பின்னிட்டு இருந்த காலையில குழாயடியில குடத்தோட வரிசையில நின்னது யாரு, ராத்திரி கதை சொல்லிட்டு இருந்தப்ப அந்தச் சின்ன ரூம்ல நாளைக்கு இட்லிக்கு அரைச்சது யாரு? ஆச்சியைக் குறை சொல்லல, அவங்களும் மருமகளா வந்து அதே கஷ்டத்தைப் பட்டவங்கதான். ஆனா அவங்களுக்கு உங்களைக் கொஞ்சறதுக்கு நேரம் இருந்ததுன்னா அந்த நேரத்தை உங்க அம்மா குடுத்திருக்காங்க.

இன்னொண்ணு. 1964-ல வந்தாங்கன்னு ஒரு வரி, அடுத்த வரியில உங்க தலைப் பின்னல். நடுவுல இருந்த வருஷமெல்லாம் எங்க போச்சு? அந்தக் காலத்துல திருநெல்வேலியிலேருந்து மீட்டர் கேஜ் வண்டியில எழும்பூர் வந்து, சென்ட்ரல் போய் வண்டி மாறி பம்பாய் வரணும், பாஷை தெரியாத புதுப்பொண்ணு அதுல எப்படி வந்து எறங்கினாங்க? வந்து ரெண்டு வருஷத்துல, 1966-ல, சிவசேனா ஆரம்பிச்சாங்க, மதராஸிக்காரங்க நம்ம வேலையைப் புடுங்கறாங்கன்னு லுங்கியை விரட்டச் சொல்லி கோஷம் போட்டாங்க, ஹோட்டல்களை அடிச்சு ஒடைச்சாங்க. அப்ப தாத்தா வேலைக்குப் போய் வீடு திரும்பற வரைக்கும் ஆச்சி என்ன பண்ணிட்டு இருந்தாங்க? 1992 டிசம்பர்லயும் 93 ஜனவரியிலயும் கலவரத்துல தாராவி எரிஞ்சப்ப கதவைச் சாத்திட்டு உள்ள யாரெல்லாம் இருந்தாங்க? இதெல்லாம் பேத்திக்குச் சொல்ற கதை இல்ல. மாமியார் மருமககிட்ட சொல்றது, முறுக்கு சுத்தும்போதும் சண்டை போட்டு மூணு நாள் பேசாம இருந்துட்டு திரும்பப் பேசும்போதும் சொல்றது. ஆச்சியோட வாழ்க்கை முக்கால்வாசி இப்ப உங்க அம்மாகிட்டதான் இருக்கு, நீங்க என்னடான்னா அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை கேக்கறீங்க.

அதனால இந்தத் திதிக்கு அந்த வீடியோவைப் போடாதீங்க. சொந்தக்காரங்க கேட்டா இன்னும் முடியலன்னு சொல்லுங்க, அது பொய்யும் இல்ல. இப்பவே உக்காந்து, அம்மாவுக்கு நன்றின்னு கடைசியில ஒரு ஸ்லைடு சேக்கற வேலையும் வேணாம், அது இதை விட மோசம். லீவு போட்டு நாலு நாள் தாராவி வீட்ல போய்த் தங்குங்க, மொபைலைப் பையை விட்டு வெளிய எடுக்காதீங்க, பாத்திரத்தை நீங்க வெளக்குங்க. ஆச்சியைப் பத்திக் கேக்கவே கேக்காதீங்க. அந்த ரெண்டு வருஷம் நீ எப்பம்மா தூங்கினன்னு கேளுங்க. மொத நாள் பதில் வராது. வந்தா ஆச்சியைப் பத்தி கசப்பாத்தான் வரும், அப்ப நீங்க ஆச்சி பக்கம் வக்காலத்து வாங்கினீங்கன்னா அத்தோட முடிஞ்சுது, அந்த வாய் திரும்பத் தொறக்காது. கேட்டுக்கங்க. உங்க ஆச்சி அதனால ஒண்ணும் கொறைஞ்சு போயிட மாட்டாங்க.

பெத்தவளைப் பாக்கறது புள்ளையோட கடமைம்மா, மருமகளோடது இல்ல. உங்க அப்பா செய்ய வேண்டியதை உங்க அம்மா செஞ்சிருக்காங்க, அது உங்க குடும்பம் மொத்தமும் அவங்களுக்குப் பட்டிருக்கற கடன். அப்பாகிட்ட இதை நேரா சொல்லுங்க, வயசானவர்னு பாக்காதீங்க. கேட்டரிங்குக்கு அட்வான்ஸ் குடுக்க நேரம் இருந்தவங்களுக்கு அம்மாவை எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக நேரம் இல்லையா? திதிக்கு முன்னாடியே போங்க, எக்ஸ்ரே எடுக்கச் சொன்னா எடுங்க, ஒண்ணும் இல்ல சரியாயிடும்னு அவங்க சொல்றதைக் கேட்டுட்டுத் திரும்பி வராதீங்க. அந்தப் பொறாமைங்கற வார்த்தைக்குத் தம்பி அம்மாகிட்ட மன்னிப்பு கேக்கணும், அவன் வர மாட்டேன்னா நீங்க போய் இழுத்துட்டு வாங்க.