பதில்: தம்பி ஹெல்மெட் போட மறுக்கிறான்
தம்பி பைக்கை விரட்டுகிறார், ஹெல்மெட் போடச் சொன்னால் "வர்றது வந்தே தீரும்" என்கிறார், எதிர்காலத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் காதில் ஏறவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது. உளவியலாளர்கள் ஜிம்பார்டோவும் பாய்டும் 1999-இல் வெளியிட்ட கால நோக்கு அளவுகோலில், அதாவது ஒருவர் மனம் கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் ஆகியவற்றில் எதைச் சார்ந்திருக்கிறது என்று அளக்கும் கேள்வித்தாளில், ஐந்து பிரிவுகள். அதில் நிகழ்காலத்துக்கு இரண்டு: இந்த நொடியின் சுகத்தைத் தேடுவது ஒன்று, எல்லாம் விதிப்படி என்று விட்டுவிடுவது மற்றொன்று. ஜிம்பார்டோ குழுவின் 1997 ஆய்வில், நிகழ்கால நோக்கு கூடியவர்களிடம் ஆபத்தாக வண்டி ஓட்டுவதும் கூடுதலாகவே இருந்தது.

உங்கள் தம்பி பேச்சு இரண்டாம் வகை. உண்மையிலேயே நம்புகிறாரா, உங்கள் வாயை அடைக்கச் சொல்கிறாரா என்று முதலில் பாருங்கள். ராத்திரி வண்டியைப் பூட்டுகிறார்தானே? அப்படியானால் விதியை முழுசாக நம்பவில்லை! சண்டை போடாமல், சிரித்துக்கொண்டே இதைக் கேளுங்கள்.

அப்புறம், "பத்து வருஷம் கழித்து" என்ற பேச்சை விடுங்கள், அது அவருக்கு யாரோ ஒருவரின் கதை. சாவியை ஹெல்மெட்டுக்குள் போட்டு வையுங்கள். வண்டி எடுக்க அதைக் கையில் எடுத்தே ஆகவேண்டும்.